வீட்டு சர்வரில் நெக்ஸ்ட்கிளவுட்: பழைய பதிப்பிலிருந்து பத்திரமாக மேலே வருவதும், பிறகு பின்தங்காமல் இருப்பதும்

கேள்வி இதுதான்: டெபியன் 11 என்ற லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டரில் நெக்ஸ்ட்கிளவுட் 25 (ஃபைல்களைச் சொந்த சர்வரில் வைத்துப் பகிரும் மென்பொருள்), அதன் நிரலை ஓட்டும் பிஎச்பி 7.4, டேட்டாபேஸாக மரியாடிபி. குடும்பப் படங்களும் வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன்களும் அதில்தான் இருக்கின்றன. அப்டேட் செய்யப்போய் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் நீண்ட நாளாகத் தொடவில்லை. இதை எப்படி மேலே கொண்டுவருவது? டாக்கருக்கு (மென்பொருளைத் தேவையானவற்றோடு சேர்த்து 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டியாக ஓட்டும் முறை) மாறி, பதிப்பு எண்ணுக்குப் பதில் 'லேட்டஸ்ட்' என்று போட்டுவிட்டால் இனி எல்லாம் தானாக நடக்குமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: நடக்காது. காரணம் கீழே வருகிறது. முதல் கேள்விக்கு: தாராளமாக மேலே கொண்டுவரலாம், முறையாகச் செய்தால் ஒரு ஃபைல்கூடப் போகாது. ஆனால் ஒரே தாவலில் முடியாது.

நெக்ஸ்ட்கிளவுட்டின் பெரும்பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும்: 25, 26, 27 என்று. ஒவ்வொரு பெரும்பதிப்பும் டேட்டாபேஸ் அட்டவணைகளைத் திருத்தும் நிரல்களைத் தன்னோடு கொண்டுவருகிறது. முந்தைய பதிப்பின் அட்டவணை அமைப்பு அப்படியே இருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை அவை. நடுவில் ஒன்றைத் தாண்டினால் அந்த நம்பிக்கை பொய்த்துப்போகும். அதனால் நெக்ஸ்ட்கிளவுட்டே தாவலை மறுத்துவிடும். ஏறிய பிறகு இறங்கவும் வழியில்லை. பழைய பதிப்பு வேண்டுமென்றால் பேக்கப்பிலிருந்து முழுவதையும் மீட்பது ஒன்றுதான் வழி. வருடத்துக்கு இரண்டோ மூன்றோ பெரும்பதிப்புகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது ஏறத்தாழ ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு மேல் சும்மா இருந்தாலே ஓட்டை அடைக்கப்படாத மென்பொருளை இன்டர்நெட்டில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

உங்கள் நிலையில் உண்மையான முடிச்சு பிஎச்பி-யில் இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் 25 ஏற்கும் பிஎச்பி பதிப்புகள் 7.4, 8.0, 8.1. பதிப்பு 26 ஏற்பவை 8.0, 8.1, 8.2. டெபியன் 11 தருவது 7.4, டெபியன் 12 தருவது 8.2. இப்போது பாருங்கள்: டெபியன் 11-இல் இருந்துகொண்டே 26-க்குப் போனால் பிஎச்பி பழையது என்று நின்றுவிடும். 'சரி, முதலில் டெபியனை ஏற்றிவிடுவோம்' என்று 12-க்குப் போனால், இந்த நெக்ஸ்ட்கிளவுட் பிஎச்பி 8.2-இல் ஓடாது என்ற ஒற்றை வரியோடு தளம் வெறுமையாக நிற்கும். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கும். அப்டேட் 'உடைந்துவிட்டது' என்று சொல்பவர்களில் பலர் மாட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். அவர்கள் டேட்டா அப்படியே பத்திரமாகத்தான் இருந்திருக்கும்.

இதிலிருந்து வெளியே வர நடுவில் ஒரு பிஎச்பி வேண்டும். டெபியனின் பிஎச்பி பேக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒண்ட்ரேய் சூரி தனியாக ஒரு களஞ்சியம் நடத்துகிறார். பல பிஎச்பி பதிப்புகளை அருகருகே நிறுவ அது உதவும். அதிலிருந்து 8.1-ஐப் போடுங்கள். 25-உம் 26-உம் இரண்டுமே 8.1-இல் ஓடும். 26-க்கு வந்தபின் டெபியன் 12-க்கும் அதன் சொந்த 8.2-க்கும் மாறிவிடலாம். 26-இலிருந்து 32 வரை எல்லாப் பதிப்புகளும் 8.2-ஐ ஏற்கின்றன என்பதால் மிச்சப் படிகளில் பிஎச்பி-யைத் தொடவே தேவையில்லை.

பிஎச்பி மாற்றும்போது தவறுவது பெரும்பாலும் துணை மாட்யூல்களில். அவை பதிப்புக்குப் பதிப்பு தனிப் பேக்கேஜ்கள். பழையதில் இருந்தவை புதியதில் தானாக வராது. மாற்றும் முன் பிஎச்பி-யின் மாட்யூல் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, மாற்றியபின் எடுத்த பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஜிடி, கர்ல், எம்பிஸ்ட்ரிங், எக்ஸ்எம்எல், ஜிப், இன்டெல், மைஎஸ்க்யூஎல், பிசிமேத், ஜிஎம்பி, ஏபிசியூ, ரெடிஸ் இவற்றில் எது விட்டுப்போனாலும் தொல்லை. பிஎச்பி-யின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பும் புதிதாக வரும். நீங்கள் 512 எம்பி என்று வைத்திருந்த மெமரி வரம்பு 128-க்குத் திரும்பியிருக்கும், அப்லோட் அளவு 2 எம்பி ஆகியிருக்கும். இன்னொரு பொறி: வெப் சர்வருக்கு ஒரு பிஎச்பி, கமாண்ட் லைனுக்கு ஒரு பிஎச்பி என்று பிரிந்து நிற்கும். தளம் 8.1-இல் ஓட, குறித்த நேரங்களில் தானாக ஓடும் கிரான் வேலையோ 7.4-ஐக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். ஏபிசியூ கேஷ் (தற்காலிக நினைவு) பயன்படுத்துபவர்கள் கமாண்ட் லைன் ஐஎன்ஐ-யிலும் அதை இயக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் நெக்ஸ்ட்கிளவுட்டின் கட்டளைக் கருவியான ஓசிசி 'மெம்கேஷ் கிடைக்கவில்லை' என்று வேலை செய்ய மறுக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பேக்கப். அப்டேட்டரின் திரையில் 'பேக்கப் உருவாக்குகிறது' என்று ஒரு படி வருகிறது. அதை நம்பி இறங்கிவிடாதீர்கள். அது எடுப்பது நெக்ஸ்ட்கிளவுட்டின் நிரல் ஃபைல்களை மட்டும். உங்கள் படங்களும் டேட்டாபேஸும் அதில் இல்லை. டேட்டா ஃபோல்டருக்குள் 'அப்டேட்டர்' என்று தொடங்கும் பெயரில் ஒரு ஃபோல்டரில் அது கிடக்கும், இடத்தையும் அடைக்கும்.

உண்மையான பேக்கப்புக்கு மூன்று பாகங்கள் வேண்டும்: கான்ஃபிக் ஃபோல்டர், டேட்டா ஃபோல்டர், டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு ஃபைலாக எழுதிய நகல்). மூன்றும் ஒரே நேரத்து நிலையைக் காட்ட வேண்டும் என்பது முக்கியம். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அளவு என்ன, யாரோடு பகிரப்பட்டது என்பதெல்லாம் டேட்டாபேஸில்தான் இருக்கிறது. டேட்டாபேஸ் நேற்றையது, ஃபைல்கள் இன்றையவை என்றால் மீட்டபின் இரண்டும் பொருந்தாது. அதனால் ஓசிசி-யில் மெயின்டனன்ஸ் மோடை (தளத்தைத் தற்காலிகமாகப் பூட்டும் நிலை) ஆன் செய்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டாம் என்றால், தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தடவை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை ஓட்டுங்கள். பிறகு மெயின்டனன்ஸ் மோடைப் போட்டு இரண்டாவது தடவை ஓட்டினால், இடையில் மாறியவை மட்டும் நகலாகும். பெரும்பாலும் சில நிமிட வேலை.

மரியாடிபி டம்ப் எடுக்கும்போது 'சிங்கிள் டிரான்சாக்‌ஷன்' விருப்பத்தைச் சேருங்கள். எழுத்துக் குறியாக்க முறையை யுடிஎஃப்8எம்பி4 என்று கொடுங்கள். இல்லையென்றால் தமிழ்ப் பெயருள்ள ஃபைல்களும் எமோஜிகளும் மீட்கும்போது கேள்விக்குறிகளாகிவிடலாம். எடுத்த டம்ப் ஃபைலின் கடைசி வரியைத் திறந்து பாருங்கள். 'டம்ப் கம்ப்ளீட்டட்' என்ற குறிப்பும் தேதி நேரமும் அங்கே இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் டிஸ்க் நிரம்பியோ தொடர்பு அறுந்தோ டம்ப் பாதியில் நின்றிருக்கிறது. ஃபைல் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் ஒரு படி போகலாம்: வேறொரு பெயரில் காலி டேட்டாபேஸ் உருவாக்கி, டம்பை அதில் ஏற்றி, ஃபைல்களின் பட்டியலான ஃபைல்கேஷ் அட்டவணையின் வரிசை எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதில்லை. நகலை வேறொரு டிஸ்க்கில் வையுங்கள். ராஸ்பெர்ரி பையில் எஸ்டி கார்டிலிருந்தே ஓட்டுபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அப்டேட்டின்போது எழுதும் சுமை அதிகம்.

இனி ஏறுவது. முதலில் இருக்கும் பெரும்பதிப்பின் கடைசிச் சிறு அப்டேட்டுக்கு வாருங்கள். 25-இன் பழைய ஒரு சிறு பதிப்பிலிருந்து நேராக 26-க்குக் குதிக்க வேண்டாம். ஒவ்வொரு படியிலும் நீங்கள் பயன்படுத்தும் ஆப்களுக்கு அடுத்த பதிப்பில் ஆதரவு உண்டா என்று பாருங்கள். நிர்வாகப் பக்கத்தின் அப்டேட் பகுதியே எது பொருந்தும், எது பொருந்தாது என்று காட்டும். பொருந்தாத ஆப் முடக்கப்படும், அதன் டேட்டா அழிக்கப்படாது. ஆனால் உள்நுழைவுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆப்போ, வெளி டிஸ்க்கை இணைக்கும் ஆப்போ முடங்கினால் உடனே கஷ்டப்படுவீர்கள். அவற்றை மட்டும் முன்னாலேயே கவனியுங்கள்.

வெப் பக்கத்திலிருந்து அப்டேட் செய்யாமல் கமாண்ட் லைனிலிருந்தே செய்யுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. வீட்டு சர்வர்கள் மெதுவானவை. பிரவுசர் வழியாகச் செய்யும்போது நிரல் ஃபைல்களை நகலெடுக்கும் படியிலோ டேட்டாபேஸ் மாற்றத்திலோ நேர வரம்பு தாண்டி அறுந்துவிடும். டிமக்ஸ் போன்ற ஒன்றுக்குள் நுழைந்துகொண்டால் சர்வரோடு உள்ள எஸ்எஸ்எச் (தொலைநுழைவு) தொடர்பு அறுந்தாலும் வேலை நிற்காது. வெப் சர்வரின் பயனராக (டெபியனில் அதன் பெயர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா) நெக்ஸ்ட்கிளவுட் ஃபோல்டரின் அப்டேட்டர் ஃபோல்டரிலுள்ள 'அப்டேட்டர்.ஃபார்' என்ற நிரல் கோப்பை பிஎச்பி-யால் ஓட்டுங்கள். ரூட்டாக ஓட்டினால் ஃபைல்களின் உரிமை மாறிப்போகும். கடைசியில் ஓசிசி அப்கிரேட்டை இப்போதே ஓட்டலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லலாம். மின்சாரம் பாதியில் போனால் நிலைமை மோசமாகும் என்பதால் யுபிஎஸ் இல்லாத வீட்டில் மழை இடி நேரத்தில் தொடங்க வேண்டாம்.

எங்கெல்லாம் நிற்கும் என்று தெரிந்திருந்தால் பதற்றம் இல்லை. முதல் படியிலேயே 'எதிர்பாராத ஃபைல்கள்' என்று நின்றால், நெக்ஸ்ட்கிளவுட் ஃபோல்டருக்குள் நீங்கள் எப்போதோ போட்ட சோதனைக் கோப்போ, ஜிப்போ, பழைய நகலோ இருக்கிறது. வெளியே நகர்த்திவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள். 'மூன்றாம் படி நடந்துகொண்டிருக்கிறது, பிறகு வாருங்கள்' என்று மணிக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தால், முந்தைய ஓட்டம் அறுந்துபோய் அதன் அடையாளம் மட்டும் மிச்சமிருக்கிறது. டேட்டா ஃபோல்டரிலுள்ள அந்த அப்டேட்டர் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'ஸ்டெப்' என்ற மறைகோப்பு இருக்கும். வேறு எந்த அப்டேட் வேலையும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை அழித்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பேக்கப், டவுன்லோட், பிரித்தெடுப்பு வரை உங்கள் தளத்தின் நிரலில் எதுவும் மாறியிருக்காது என்பதால் இது ஆபத்தில்லாதது. பழைய ஃபைல்களை அழிக்கும் படியில் அறுந்திருந்தால் கதை வேறு. அப்போது அதே பதிப்பின் தொகுப்பைக் கையால் இறக்கி, புதிய ஃபோல்டரில் விரித்து, பழைய கான்ஃபிக் கோப்பையும், தொகுப்போடு வராத ஆப்களையும், உள்ளேயே இருந்தால் டேட்டா ஃபோல்டரையும் அதில் வைத்து, உரிமையைச் சரிசெய்து, ஓசிசி அப்கிரேட் ஓட்டுவதுதான் சுத்தமான வழி.

ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள்: கான்ஃபிக் கோப்பிலுள்ள 'வெர்ஷன்' வரியைக் கையால் மாற்றுவது. அப்கிரேட் தேவையா, தாவல் அனுமதிக்கப்பட்டதா என்பதை நெக்ஸ்ட்கிளவுட் தீர்மானிப்பது அந்த எண்ணை வைத்துத்தான். அதை மாற்றினால் பிழைச் செய்தி மறையும். டேட்டாபேஸிலோ ஓட வேண்டிய மாற்றங்கள் ஓடாமலே கிடக்கும். அதன் விளைவு பல மாதம் கழித்து, அட்டவணையில் ஏதோ ஒரு நெடுவரிசை இல்லை என்ற விசித்திரப் பிழையாக வரும். அப்போது தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

ஒவ்வொரு படி முடிந்ததும் பிஎச்பி-எஃப்பிஎம்மை (வெப் சர்வருக்காக பிஎச்பி-யை ஓட்டும் சேவை) ரீஸ்டார்ட் செய்யுங்கள். பழைய நிரல் பிஎச்பி-யின் தற்காலிக நினைவான ஆப்கேஷில் தங்கியிருந்தால் காரணமில்லாத பிழைகள் தோன்றும். பிறகு ஆப்கள் எல்லாவற்றையும் ஓசிசி வழியாக அப்டேட் செய்து, நிர்வாகப் பக்கத்தின் மேலோட்டப் பகுதியைத் திறந்து எச்சரிக்கைகளைப் படியுங்கள். விட்டுப்போன இன்டெக்ஸ்களைச் சேர்ப்பது தானாக நடக்காது, தனிக் கட்டளை உண்டு. பெரிய அட்டவணையில் நேரம் பிடிக்கும் என்பதால்தான் உங்களிடம் விட்டிருக்கிறார்கள். ஃபைல் வகைகளைப் புதுப்பிக்கும் ரிப்பேர் கட்டளையையும் அப்படித்தான், 'எக்ஸ்பென்சிவ்' விருப்பத்தோடு நீங்களே ஓட்ட வேண்டும். வெப் சர்வராக என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் அதன் கான்ஃபிக்கையும் பதிப்புக்கு ஏற்ப மாற்ற வேண்டும். உதாரணமாக 28-இலிருந்து எம்ஜெஎஸ் என்று முடியும் ஃபைல்களை ஜாவாஸ்கிரிப்டாக அனுப்பச் சொல்லவில்லையென்றால் பக்கங்கள் பாதி மட்டுமே வேலை செய்யும். ஒரு நாளாவது அந்தப் பதிப்பில் ஓடவிட்டு, போனிலிருந்து படம் ஏறுகிறதா, காலண்டர் ஒத்திசைகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இப்போது டாக்கர். பிஎச்பி முடிச்சை அது அவிழ்த்துவிடுகிறது என்பது உண்மை: 25-இன் இமேஜ் (கன்டெய்னருக்கான தயார்த் தொகுப்பு) அதற்குரிய பிஎச்பி-யோடும், 26-இன் இமேஜ் அதற்குரியதோடும் வருகிறது. ஆனால் படிப்படியாக ஏறும் விதி அப்படியே இருக்கிறது. 'லேட்டஸ்ட்' என்று போட்டுவிட்டு வருடக்கணக்கில் மறந்துபோய் ஒருநாள் புல் செய்தால் (புதிய இமேஜை இறக்கினால்), ஒரு தடவைக்கு ஒரு பெரும்பதிப்புதான் ஏற முடியும் என்று லாகில் எழுதிவிட்டு கன்டெய்னர் நின்றுவிடும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இருக்கும் பதிப்புக்கு அடுத்த எண்ணை இமேஜின் பதிப்புக் குறியான டேகில் எழுதி, ஒவ்வொன்றாக ஏற்றினால் சரியாகிவிடும். எதிர்த்திசையும் உண்டு: டேட்டாவின் பதிப்பைவிட இமேஜ் பழையதாக இருந்தாலும் கன்டெய்னர் தொடங்காது.

ஆகவே கன்டெய்னர்களின் அமைப்பை எழுதும் கம்போஸ் கோப்பில் பெரும்பதிப்பின் எண்ணை எழுதுங்கள், உதாரணமாக 31. அப்போது புல் செய்யும்போதெல்லாம் 31-க்குள் வரும் சிறு அப்டேட்கள் மட்டும் வரும். 32-க்குப் போவது நீங்கள் பேக்கப் எடுத்து, எண்ணை மாற்றும் நாளில் நடக்கும். கன்டெய்னர்களைத் தானாகப் புதுப்பிக்கும் வாட்ச்டவர் போன்ற தானியங்கிகளை டேட்டாபேஸ் கன்டெய்னரிடம் விடவே கூடாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் பெரும்பதிப்பு மாறினால் பழைய டேட்டா ஃபோல்டரைத் திறக்கவே மாட்டேன் என்று நிற்கும். பழைய பதிப்பில் டம்ப் எடுத்து, புதியதில் ஏற்ற வேண்டும். கிரான் கன்டெய்னர் தனியாக இருந்தால் அதற்கும் அதே டேகைக் கொடுங்கள். நீங்களே டாக்கர்ஃபைல் (இமேஜ் கட்டும் குறிப்பு) எழுதி இமேஜைக் கட்டியிருந்தால் கம்போஸ் புல் எதையும் புதுப்பிக்காது. 'புல்' விருப்பத்தோடு பில்ட் செய்ய வேண்டும். இதைக் கவனிக்காமல், அப்டேட் செய்துகொண்டே இருக்கிறோம் என்று நம்பிப் பழைய இமேஜில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். கன்டெய்னர் தொடங்கியதும் லாகைப் பாருங்கள். ஃபைல்களை நகலெடுத்து, அப்கிரேட் முடியும் வரை தளம் திறக்காது. பொறுமையிழந்து ரீஸ்டார்ட் செய்வதுதான் பாதி அப்கிரேட்டுக்கு முதல் காரணம். இவ்வளவையும் கையால் பார்க்க விருப்பமில்லை என்றால் நெக்ஸ்ட்கிளவுட் நிறுவனமே தரும் ஆல்-இன்-ஒன் தொகுப்பு நல்ல தேர்வு. போர்க் என்ற கருவி வழியாகப் பேக்கப்பும் கன்டெய்னர் அப்டேட்டும் அதில் இணைந்தே வருகின்றன.

அப்டேட் என்றால் நெக்ஸ்ட்கிளவுட்டை மட்டும் நினைப்பதும் போதாது. 2019 அக்டோபரில் பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஓர் ஓட்டை வெளிவந்தது. என்ஜின்எக்ஸ் குறிப்பிட்ட முறையில் அமைக்கப்பட்டிருந்தால் வெளியிலிருந்தே நிரலை ஓட்ட முடிந்தது. அடுத்த மாதமே நெக்ஸ்ட்கிரை என்ற ரேன்சம்வேர் நெக்ஸ்ட்கிளவுட் சர்வர்களில் ஃபைல்களைப் பூட்டத் தொடங்கியது. ஓட்டை நெக்ஸ்ட்கிளவுட்டின் நிரலில் இல்லை, அதன் அடியில் இருந்தது. 2023 நவம்பரில், நெக்ஸ்ட்கிளவுட் பிரிந்துவந்த மூல மென்பொருளான ஓன்கிளவுட்டின் கிராஃப் ஏபிஐ ஆப்பில் இன்னொன்று: ஒரு முகவரியைத் திறந்தாலே கன்டெய்னரின் சூழல் மாறிகள், அட்மின் பாஸ்வேர்ட் உட்பட, வெளியே தெரிந்தன. ஆப்பை முடக்குவது அதற்குப் போதவில்லை. அந்த முகவரிக்குரிய கோப்பையே அழித்துவிட்டு பாஸ்வேர்டுகளை மாற்றச் சொன்னார்கள். டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்களை அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ் மூலம் தானாக வரவிடுங்கள். ஒரு டெபியன் வெளியீட்டுக்குள் பிஎச்பி 8.2 என்றால் கடைசி வரை 8.2-தான், அதனால் நெக்ஸ்ட்கிளவுட் பாதிக்கப்படாது. வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக மட்டும் தளத்தைத் திறந்து வைப்பது ஆபத்தை நிறையக் குறைக்கும்; ஆனால் அப்டேட்டைத் தள்ளிப்போட அது அனுமதிச் சீட்டாகாது.

மேலே வந்தபின் பழக்கம் எளிது. சிறு அப்டேட்கள் ஏறத்தாழ மாதம் ஒன்று வரும், அவற்றை அந்த வாரமே போடுங்கள். புதிய பெரும்பதிப்பு வந்தவுடன் ஓட வேண்டாம்; இரண்டு மூன்று சிறு அப்டேட்கள் வந்தபின் ஏறலாம், அதுவரை பழைய பெரும்பதிப்புக்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கும். நிலையான சேனலில் புதிய பதிப்பு எல்லோருக்கும் ஒரே நாளில் காட்டப்படுவதில்லை, கட்டம் கட்டமாகத் திறக்கிறார்கள். வரவில்லையே என்று பீட்டாவுக்கு மாற வேண்டாம். அப்டேட்டரைக் கேள்வி கேட்காத முறையில் கிரானில் போட்டுவிடும் யோசனையும் வேண்டாம். பெரும்பதிப்பு கிடைத்தாலும் கேட்காமல் ஏறிவிடும், பேக்கப் எடுத்தீர்களா என்று அது பார்க்காது.

பேக்கப்பிலிருந்து மீட்க நேர்ந்தால், பலர் தவறவிடும் ஒரு கட்டளை இருக்கிறது: ஓசிசி-யில் மெயின்டனன்ஸ் பிரிவிலுள்ள 'டேட்டா ஃபிங்கர்பிரின்ட்'. நேற்றைய நிலைக்கு சர்வரைத் திருப்பிவிட்டீர்கள். வீட்டிலுள்ள லேப்டாப்களில் இன்று காலை சேர்த்த ஃபைல்கள் இருக்கின்றன. சர்வரில் அவை இல்லாததைப் பார்த்த கிளையன்ட், யாரோ அழித்துவிட்டார்கள் என்று எண்ணி லேப்டாப்பிலிருந்தும் நீக்கிவிடக்கூடும். டேட்டா, டேட்டாபேஸ், கான்ஃபிக் மூன்றையும் வைத்தபின், மெயின்டனன்ஸ் மோடை ஆஃப் செய்வதற்கு முன் அந்தக் கட்டளையை ஓட்டினால், சர்வர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது என்று டெஸ்க்டாப் கிளையன்ட்கள் புரிந்துகொண்டு உங்களிடம் கேட்கும். லேப்டாப்பிலுள்ள ஃபைல்களை வைத்துக்கொள் என்ற பட்டனைத் தேர்ந்தெடுங்கள். மாறுபடுபவை தனி நகலாக நிற்கும், எது வேண்டும் என்று பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம்.